கசந்தால் பயப்படாதீர்கள்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் அக்கா ஞோக்கி அடுப்படியிலிருந்து வெளியே ஓடி வந்து துப்பினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்து மறுபடியும் துப்பினாள். நான் முற்றத்தில், வாரா வாரம் வீடுகளுக்குக் காய்கறி போடும் கூடைகளில் காலியானவற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டேய் கிதிஞ்சி, இங்க வா. இதை நாக்கு நுனியில வெச்சுப் பாரு. முழுங்கித் தொலைக்காத."

கத்தி முனையில் ஒரு சுக்கினித் துண்டு, வெள்ளரி மாதிரி நீளமான பூசணி வகை. நேற்றுப் பறித்தது. பார்க்க வழக்கமான சுக்கினிதான்: பச்சைத் தோல், வெள்ளைச் சதை. நாக்கில் வைத்தேன். பாகற்காய்க் கசப்பு இல்லை அது. பாகற்காய் கசந்துவிட்டு விலகிக்கொள்ளும். இது நாக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. நானும் துப்பினேன்.

"எத்தனை கூடையில போச்சு?" என்றாள்.

"எல்லாத்துலயும். இருபத்திரெண்டு."

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே காய்ந்த கொடிகளில் ஆரஞ்சும் மஞ்சளுமாக அலங்காரப் பூசணிகள் இன்னும் நாலைந்து தொங்கின. போன பருவத்தில் நைரோபி ஓட்டல் ஒன்று மேஜை அலங்காரத்துக்குக் கேட்டதென்று நான் நட்டவை. தின்பதற்கல்ல, வேடிக்கை பார்ப்பதற்கு. அக்காவின் சுக்கினிப் பாத்தி அங்கிருந்து இருபது அடி. நடுவில் தேனீக்கள்.

நைரோபிக்குப் பக்கத்தில் லிமுருவில் எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் பதினான்கு பண்ணைகள். ஒருவர் பண்ணையை ஒருவர் சோதித்து, இயற்கை விளைச்சல்தான் என்று கையெழுத்துப் போடுவோம். கடையில் விற்கும் விதைக்கு இளஞ்சிவப்பு மருந்து பூசியிருக்கும். அதை நட்டால் கையெழுத்துக் கிடைக்காது. அதனால் அக்கா போன பருவத்தின் நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு விதை எடுத்தாள். அந்த விதையில் வந்த முதல் பறிப்புதான் நேற்றையது.

"கலந்துருச்சுடா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "குழுப் பயிற்சியில சொன்னாங்க. அந்த மாதிரிப் பேய்ப்பூசணியோட மகரந்தம் கலந்தா அடுத்த தலைமுறைக் காய் விஷமாயிரும்னாங்க. சமைச்சாலும் போகாதாம். குடலைப் புண்ணாக்கி ரத்தமா வெளிய தள்ளுமாம். நான் அப்போ டீ எங்க குடுக்கறாங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

"யாருக்கா இந்தக் கசப்பைத் திம்பாங்க? வாயில வெச்சதுமே துப்பிடுவாங்க."

அக்கா என்னையே பார்த்தாள்.

"உன் சீட்டு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கூடை போடும் வீடுகளில் பாதிப் பேருக்கு ஒரே குறை: ருசி வேறாக இல்லையே. இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம், மார்க்கெட் சுகுமா கீரை மாதிரியே இருக்கிறதே. உண்மை என்னவென்றால் வேறாக இருக்காது. நான் எங்கள் கீரையையும் மார்க்கெட் கீரையையும் ஒரே சட்டியில் வதக்கித் தின்று பார்த்திருக்கிறேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. அன்று பறித்தது நன்றாக இருக்கும், மூன்று நாள் ஆனது வாடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லிக் கூடை விற்க முடியாது. போன வறட்சியில் கீரை கொஞ்சம் கசந்தபோது இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். நான் ஒரு சீட்டு எழுதி நகலெடுத்து ஒவ்வொரு கூடையிலும் வைத்தேன்.

"கசக்கிறதா? பயப்படாதீர்கள். ரசாயன உரம் போட்டதுதான் இனிக்கும். கசப்பே மண்ணின் உண்மையான ருசி. கசக்கக் கசக்க உடம்புக்கு நல்லது."

ஐந்து நிமிட வேலை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து பாதியில் விட்டு வந்தவனுக்கு இந்த அளவுக்குத்தான் எழுத வரும். ஆனால் சீட்டு வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒருவரும் கசப்பைக் குறை சொல்லவில்லை. போதுமான அளவு கசக்கவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

போனை எடுத்தோம். அக்கா பட்டியலின் மேலிருந்து, நான் கீழிருந்து.

"சுக்கினி சமைச்சிட்டீங்களா? ... நல்லது. தூக்கிப் போட்டுருங்க. ... இல்லம்மா, மாட்டுக்கும் போடாதீங்க."

ஒருவர் நாய்க்கு வைத்ததாகவும் நாய் முகர்ந்துவிட்டு அவரை முறைத்ததாகவும் சொன்னார். லோரெஷோவில் இருக்கும் திருமதி மூத்தோனி என்னோடு வாதாடினார்.

"நேத்தே ஒரு நுனி கடிச்சுப் பாத்தேன் கிதிஞ்சி. அப்பா! என்ன கசப்பு. எங்கப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கு ஜூஸ் போடலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. விஷம். குப்பையில போடுங்க."

"நீங்கதானே எழுதியிருந்தீங்க, கசக்கக் கசக்க நல்லதுன்னு."

"தப்பா எழுதிட்டேன்."

"சரிப்பா, போட்டுடறேன்," என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு இருபத்தோரு வீடும் முடிந்தது. யாரும் முழுதாகத் தின்றிருக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாத்தியார் ஒபோன்யோ. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கினூவில் மனைவி அகேயோவோடு இருக்கிறார். எழுபத்திரண்டு வயது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

நான்காவது தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றதும் அக்கா பிக்கப் சாவியை எடுத்தாள்.

ருசி ருசி என்று எங்களிடம் அதிகம் பேசியவர் வாத்தியார்தான். ஒருமுறை கூடை கொண்டுபோனபோது என்னை உட்கார வைத்துத் தக்காளி நறுக்கிக் கொடுத்தார். "தின்னு பாருடா. இதுதான் தக்காளி. உங்க பண்ணையில போன வாரம் வந்தது. மார்க்கெட்ல கிடைக்கறது வெறும் தண்ணி." அவர் உள்ளே போனதும் அகேயோ என் பக்கம் குனிந்து, "உங்க தக்காளி புதன்கிழமையே தீந்துபோச்சு. இது ரோட்டுக் கடையில வாங்கினது. சொல்லிடாத, மனுஷன் உடைஞ்சு போயிருவார்," என்றார். இருவரும் சிரித்தோம்.

இப்போது நெடுஞ்சாலையில் அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. லிமுருப் பனி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. முன்னால் ஒரு மத்தாத்து வேன் நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அவங்க லுவோ இனத்து ஆளுங்கடா," என்றாள் திடீரென்று.

"அதுக்கென்ன?"

"கசப்புக் கீரையைப் பாலூத்தி வேக வெச்சு ராத்திரி பூரா அப்படியே ஊற விட்டு மறுநாள் சாப்பிடுவாங்க. கசப்பைப் பாத்து ஓடற ஜனம் இல்ல. கசந்தா பாலை இன்னும் ஊத்துவாங்க."

நான் மறுபடியும் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

"வெள்ளிக்கிழமை ராத்திரி வேக வெச்சிருந்தா இன்னிக்குக் காலையில சாப்பிட்டிருப்பாங்க," என்றாள் அக்கா. "எவ்வளவு நேரத்துல பிடிக்கும்னு பயிற்சியில சொன்னாங்க. ஞாபகம் வரல. ஏன்டா ஞாபகம் வரல எனக்கு?"

நான் வாத்தியாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. சீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செத்தால் அந்தத் தாள் எங்கே இருக்கும், யார் கையில் கிடைக்கும், அதில் இருப்பது என் கையெழுத்து என்று எத்தனை பேருக்குத் தெரியும். ஒரு மனிதர் சாகிறாரா என்று பார்க்கப் போகும் வழியில் என் மூளை இதைத்தான் கணக்குப் போட்டது.

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையில் துடைப்பத்தோடு வெளியே வந்தாள். வாளியில் சாம்பலும் தண்ணீரும்.

"வாத்தியார் எங்க?" என்றேன்.

"மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அரை மணி ஆச்சு. டாக்ஸியில ஏத்தும்போதே ஆளுக்கு நினைவில்ல." கூடத்தைக் காட்டினாள். "நீயே பாரு. எல்லாம் ரத்தமும் தண்ணியுமா... நான் கழுவிட்டு இருக்கேன்."

அக்கா, "சட்டி எங்க?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். மண் சட்டி அடுப்பு மேலேயே இருந்தது. பாலில் வெந்து குழைந்த சுக்கினி, கால்வாசிதான் மிச்சம். பக்கத்தில் சோளக் களி, விரல் பதிந்த தட்டு. கூடையில் வேகவைக்காத காய் ஒன்று. அக்கா சட்டியை ஒரு துணியில் கட்டினாள், காயையும் எடுத்துக்கொண்டாள்.

சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், என் சீட்டு ஒட்டியிருந்தது. கடைசி வரியின் அடியில் வாத்தியார் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். நல்ல பையனின் விடைத்தாளில் போடுகிற மாதிரி ஒரு சரி அடையாளமும்.

அக்கா திரும்பி நின்றபோது நான் அதைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி சிறியது. வராண்டா பெஞ்சில் அகேயோ ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். எங்களைப் பார்த்ததும் அழவில்லை, திட்டவும் இல்லை. "வந்துட்டீங்களா. உள்ள கேக்கறாங்க, போங்க. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல," என்றார்.

உள்ளே வாத்தியார் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. இரண்டு கையிலும் குழாய். பொறுப்பிலிருந்த டாக்டர் ஜெரோனோ என்ற இளம்பெண். கூடைப் படம் போட்ட எங்கள் பச்சைச் சட்டையைப் பார்த்ததுமே கேட்டாள்.

"காய்க்காரங்க நீங்கதானா? என்ன மருந்து அடிச்சீங்க? பேரைச் சொல்லுங்க. பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா?"

"மருந்தே அடிக்கறதில்ல டாக்டர்," என்றாள் அக்கா. "நாங்க இயற்கை விவசாயம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பகல்ல இயற்கை, சாயங்காலம் ஸ்பிரே. நானும் பண்ணையில பிறந்தவதான்." கையில் ஒரு சின்ன மருந்துப் புட்டியை வைத்திருந்தாள். "கசப்பா இருந்துதுன்னு அந்தம்மா சொல்றாங்க. காய் கசந்தா மருந்துதான். பூச்சிமருந்துன்னா இந்த ஊசியை இப்பவே போடணும். கண்மணி சுருங்கல, வேர்க்கல, அதனாலதான் யோசிக்கிறேன். பூச்சிமருந்தா இல்லாம இதைப் போட்டுட்டேன்னா, துடிப்பு ஏற்கனவே நூத்தி முப்பது, இவர் இதயம் நின்னுரும். போடணுமா வேண்டாமா? உண்மையைச் சொல்லுங்க. உங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்க எனக்கு இப்போ நேரமில்ல."

அக்கா வேலிப் பூசணியை, விதையை, தேனீயை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். ஜெரோனோ நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

"காய் தானாவே விஷமாச்சா?"

"ஆமா."

அக்கா வேகாத காயை நீட்டினாள். ஜெரோனோ நகத்தால் கீறி விரலை நாக்கில் வைத்தாள். உடனே தொட்டிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது இன்னும் கோபமாக இருந்தாள்.

"இதை ஒரு மனுஷன் தட்டு நிறையத் தின்னார்னா நான் நம்பணுமா? சின்னக் குழந்தைகூட ஒரு வாய்க்கு மேல திங்காது. நீங்க கதை விடறீங்க. இந்தக் காய் வேற, அவர் தின்ன காய் வேற. அதுல மருந்து இருந்திருக்கு."

புட்டியின் மூடியை ஊசி முனையால் குத்தினாள்.

வாசலிலிருந்து அகேயோவின் குரல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அதே காய்தான்மா. கசந்துது. நேத்து ரெண்டு மணி நேரம் வேக வெச்சேன், குறையல. பாலை மறுபடி ஊத்தினேன். காலையிலயும் குறையல. நான் ரெண்டு வாய் தின்னுட்டு, கொட்டிடறேன்னேன். அவர்தான் விடல. சுவத்துல இருக்கற சீட்டைப் படிச்சுக் காட்டினார். இவங்க அனுப்பினது. நாப்பது வருஷமா உன் நாக்கைக் கெடுத்து வெச்சிருக்காங்கன்னு என்னைத் திட்டிட்டு ரெண்டு தட்டு தின்னார். கண்ணுல தண்ணி வருது, தின்னுக்கிட்டே சிரிக்கிறார்."

"என்ன சீட்டு?" என்றாள் ஜெரோனோ.

"வீட்டுல சுவத்துல இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். சட்டைப் பையைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா, தெரியவில்லை. மருந்து ஊசிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் சீட்டு இல்லை என்பது இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்துக் கொடுத்தால் அதை ஏன் கிழித்தேன் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் நல்லவன் என்பதால் கொடுக்கவில்லை. வாத்தியாரின் கால் விரல் ஒன்று போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு துடித்தது, அது துடிப்பதை நிறுத்திவிடும் என்ற பயத்தில் கொடுத்தேன்.

ஜெரோனோ மடிப்பைப் பிரித்து இரண்டு முறை படித்தாள். சிவப்புக் கோட்டில் விரலை ஓட்டினாள்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"படிச்சவனா நீ?"

"பாதி."

ஊசியைத் தட்டில் வைத்தாள். பிறகு எங்களோடு பேசவே இல்லை. நர்ஸிடம்தான் பேசினாள்: இன்னொரு பாட்டில் உப்புத் தண்ணீர், ரத்தம் குரூப் பார்க்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன், ஆம்புலன்ஸ். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அகேயோவுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நினைவு வந்திருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாள் ஜெரோனோ. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். வாயில் புளித்த பால் நாற்றம்.

"கிதிஞ்சி... இந்தத் தடவைதான் உங்க சாமான்ல முழு ருசி இருந்துதுடா."

"வாத்தியாரே, அது விஷம்."

"பேசாத. அழுக்கெல்லாம் வெளிய போயிருக்கு. அப்படித்தான் போகும்." மூச்சு வாங்கினார். "அடுத்த வெள்ளிக்கிழமையும் போடு."

"சீட்டுல எழுதினது பொய் வாத்தியாரே. நானா எழுதினது. எங்க காயும் மார்க்கெட் காயும் ருசியில ஒண்ணுதான்."

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பில் மழுப்பும் பையனைப் பார்க்கிற பார்வை. "டாக்டரம்மா சொல்லச் சொன்னாளா?" என்றார். "எழுதினவன் நீ. எழுதினதை நான் படிச்சேன்." கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அக்கா பிக்கப்பில் ஏறினாள், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"செத்துப் பிழைச்ச மனுஷனே நம்பலடா," என்றாள். "போன்ல சொன்னதை அந்த இருபத்தோரு பேர் நம்பினாங்கன்னு எப்படித் தெரியும்?"

பட்டியலைப் பிரித்தேன். "லோரெஷோதான் பக்கம். மூத்தோனியம்மா."

"ஒவ்வொரு காயையும் கண்ணால பாத்து வாங்கிட்டுத்தான் இன்னிக்கு வீடு."

லோரெஷோவில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. திருமதி மூத்தோனி கதவைத் திறந்ததும், "அட, அதைத்தான் போட்டாச்சே கிதிஞ்சி," என்றார். அக்கா அசையாமல் நின்றாள். நான் வாத்தியார் வீட்டுக் கூடத்தைப் பற்றிச் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பெண் கழுவிய ரத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. உள்ளே போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டு வந்தார். சுக்கினி வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கியிருந்தது. மூடியில் அழகான எழுத்தில் "அப்பா மருந்து" என்று ஒட்டியிருந்தது.

"தூக்கிப் போட மனசு வரல," என்றார். "இவ்வளவு கசப்பு எங்கயும் கிடைக்காதுன்னு..."

டப்பாவை வாங்கினேன். வட்டங்கள் வரிசையாக இருந்தன, ஒரு மூலையைத் தவிர. அங்கே ஏழெட்டு வட்டம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அம்மா," என்றேன், "உங்கப்பா எங்க?"